அரை டன் வழக்கு

விளையாட்டு என்றால் பல்லாங்குழி, பரமபதம், மிஞ்சிப்போனால் கேரம்போர்டு என்று வளர்ந்த தலைமுறை நம்முடையது. இன்று நம் பேரப்பிள்ளைகளில் சிலர், அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தை மேஜைமேல் விரித்து, விரல் உயரப் பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துகிறார்கள். அத்தகைய ஆட்டங்களில் ஒன்று 'பேட்டில்டெக்'. சிகாகோ நகரத்து ஃபாசா நிறுவனம் 1984-இல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்று வெளியிட்டு, அடுத்த வருடமே பெயர் மாற்றிய ஆட்டம். நாற்பது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி எழுத ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. இந்த ஆட்டத்தில் கடையில் வாங்கிய பொம்மையோடு விஷயம் முடிவதில்லை. ஆடுபவரே தன் போர் இயந்திரத்தை வடிவமைக்கலாம். அதற்கு ஒரு எடைக் கணக்கு உண்டு. எடைக் கணக்கு என்றால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும்.

'மெக்' என்பது மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற, இரண்டு காலில் நடக்கிற இயந்திரம். எடை 20 டன் முதல் 100 டன் வரை, ஐந்து ஐந்தாக. உள் எலும்புக்கூட்டுக்கு மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. மெக்கின் எடையை நடை வேகத்தால் பெருக்கினால் இஞ்சினின் தரம்; அது 400-ஐத் தாண்டக்கூடாது. இஞ்சின் தரத்தில் ஒவ்வொரு நூறுக்கும் ஒரு டன் கைரோ. ஓட்டுநர் அறை மூன்று டன். கவசம் டன்னுக்குப் பதினாறு புள்ளி. மிச்சம் இருப்பதில் ஆயுதங்கள்.

நம் பாக்ஸ்-என் வேகன் வடிவமைக்கப்பட்டபோது அச்சுக்கு 20.32 டன், நான்கு அச்சுக்கு 81.28 டன் என்று வரம்பு இருந்தது. வேகனின் சொந்த எடை போக மிஞ்சியதுதான் சரக்கு. மெக்குக்கும் அதே தர்மம். எலும்பைக் குறைத்தால் சரக்கு ஏறும்.

முன்பு இதைப் பென்சிலும் அழிரப்பரும் வைத்துக்கொண்டு செய்தார்கள். பிறகு 'ஹெவி மெட்டல் ப்ரோ' போன்ற சாஃப்ட்வேர்கள் வந்தன. இப்போது 'மெகாமெக்லேப்' என்பது இலவசமாகவே கிடைக்கிறது. பகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் கூட்டிக் கழித்து, வடிவமைப்பு விதிப்படி செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். விதிப்புத்தகம் மனிதர் படிக்க எழுதியது. கம்ப்யூட்டருக்கோ ஒரு வரிக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கலாம். அந்த அர்த்தத்தை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

உதாரணமாக, பின்னத்தை முழுமையாக்குவது. எலும்புக்கூட்டின் எடையை மேல்நோக்கி அடுத்த அரை டன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். மெக் கையில் பிடிக்கும் கோடரியின் எடை, மெக்கின் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு. அதை மேல்நோக்கி முழு டன்னாக்க வேண்டும். 50 டன் மெக்குக்கு 3.33 வரும், எழுதுவது 4. ஆனால் வேகம் கூட்டும் 'மாஸ்க்' என்ற சாதனத்துக்கு இருபதில் ஒரு பங்கு, அதுவும் அருகிலுள்ள முழு டன்னுக்கு. 85 டன் மெக்குக்கு 4.25 வரும், எழுதுவது 4. எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் போட்டால் இங்கே 5 என்று வந்துவிடும். ஒரு டன் போச்சு!

வெப்பம் தணிக்கும் ஹீட் சிங்க்கிலும் இப்படி ஒரு முடிச்சு. இஞ்சினோடு பத்து ஹீட் சிங்க்குகள் எடையில்லாமல் வரும். ஆனால் இஞ்சினுக்குள் அடங்குவது, அதன் தரத்தை 25-ஆல் வகுத்தால் வரும் முழு எண் மட்டுமே. 'ஹன்ச்பேக்' என்ற பிரபலமான 50 டன் மெக்கின் இஞ்சின் 200. எட்டுதான் உள்ளே போகும். அதற்கு மொத்தம் பதின்மூன்று ஹீட் சிங்க். எடை கொடுப்பது மூன்றுக்கு, உடம்பில் இடம் கொடுப்பது ஐந்துக்கு. எடை இலவசம் என்றால் இடமும் இலவசம் என்று நினைத்துக்கொள்பவர்கள்தான், சாஃப்ட்வேர் தப்பாகச் சொல்கிறது என்று சண்டைக்குப் போவார்கள்.

பெரிய பீரங்கி இன்னொரு கதை. ஏசி-20 என்பதற்குப் பத்துக் கட்டங்கள் வேண்டும். ஒரு கையில் பன்னிரண்டு கட்டம். அதில் நான்கு மூட்டுகளுக்குப் போய்விடும். முன்கையையும் உள்ளங்கையையும் கழற்றினால்தான் பத்து தேறும். சாஃப்ட்வேர் கேட்காமலே கழற்றிவிட்டால், ஆட்டத்தின் நடுவில்தான் தன் மெக்குக்குக் கை இல்லை என்பது ஆடுபவருக்குத் தெரியவரும்.

இதெல்லாம் வெறும் கணக்குப் பிள்ளை வேலை என்று தோன்றலாம். என் பேரனுக்கும் அவனுடைய பள்ளித் தோழனுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோனது இதனால்தான்.

தோழன் ஒரு 75 டன் மெக் வடிவமைத்து அனுப்பியிருந்தான். பேரனின் கம்ப்யூட்டரில் அது 75.5 டன் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. "ஏமாத்துறான் தாத்தா, இனிமே அவனோட ஆட மாட்டேன்" என்றான். அந்தப் பையனை ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஏமாற்றுகிறவன் இல்லை. "ரெண்டு பேர் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுக் காட்டுடா" என்றேன்.

இரண்டு வரிகளில்தான் வித்தியாசம். எடை குறைந்த எண்டோ-ஸ்டீல் எலும்புக்கூடு, அதாவது இருபதில் ஒரு பங்கு: 3.75 டன். கவசம் 196 புள்ளி: 12.25 டன். இரண்டும் சேர்ந்தால் சரியாக 16. பேரனின் கணக்கிலோ முதலாவது 4, இரண்டாவது 12.5, மொத்தம் 16.5. தோழன் தன் கம்ப்யூட்டரில், எடையை முழுமையாக்காமல் கிலோ கணக்கிலேயே பார்க்கும் விருப்ப விதியை டிக் செய்து வைத்திருந்தான். அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். அதைப் பற்றி இவனிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று இவனுக்கும் தோன்றவில்லை. சாஃப்ட்வேர் இருவரிடமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"கணக்கு சரியாப் போச்சு. நீ அவனைச் சொன்ன வார்த்தையை என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன். பதில் இல்லை. அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். விருப்ப விதி வேண்டாம் என்று முடிவு செய்தார்களாம். கவசத்தை 192 புள்ளியாக்கினால் சரியாக 12 டன், எலும்புக்கூடு 4, மொத்தம் 16. குறைந்தது நான்கே நான்கு புள்ளி. அதற்கு ஒரு மாதச் சிநேகம் விலை!

ரயில்வேயில் இந்தியா முழுவதற்கும் பொது விதிகள் உண்டு. இப்போதுள்ளவை 1976-ஆம் வருடத்தியவை. அவற்றுக்கு உட்பட்டு ஒவ்வொரு ரயில்வேக்கும் துணை விதிகள். அதற்கும் கீழே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி இயக்க விதிகள். ஸ்டேஷன் மாஸ்டர் அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்ட பிறகே பொறுப்பேற்பார். வண்டி வந்து நின்ற பிறகு யார் அர்த்தம் சரி என்று விவாதிக்க நேரம் கிடையாது.

அதையே பிள்ளைகளுக்கும் சொன்னேன். ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பதிப்பு விதிப்புத்தகம், எந்தெந்த விருப்ப விதிகள், சாஃப்ட்வேரின் எந்த வெர்ஷன். திருத்தப் பட்டியல் வந்திருந்தால் அதையும் பாருங்கள். அச்சிட்ட அதிகாரபூர்வ மெக்குகளிலேயே பிழைகள் இருந்து பின்னால் திருத்தியிருக்கிறார்கள். சாஃப்ட்வேரும் புத்தகமும் முரண்பட்டால் புத்தகமே மேல். புத்தகமே இரண்டு அர்த்தம் தந்தால், இருவரும் பேசி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த ஆட்டம் ஆடினால், பொழுதை வீணாக்குகிறான் என்று கடிந்துகொள்ளாமல் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எடைக் கணக்கைப் பாருங்கள். சிவப்பு எழுத்து வந்தால், யார் தப்பு என்று கேட்பதற்கு முன் எந்த விதி என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். நாளை வேலையிடத்திலும் அவர்களுக்கு உதவும்.