தோட்டக் காவலுக்கு வளரும் பெரிய நாய்க்குட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு நிலங்களில் சின்னவெங்காயம் முற்றி அறுவடைக்கு நிற்கும் வேளையில் கமக்காரர் கண்ணுறங்குதல் அரிது. பகலில் இறைப்பும் களையெடுப்பும் முடித்துக் களைத்தவர், இரவில் கட்டாக்காலி மாடுகள் வேலியை நெரித்துக்கொண்டு உள்ளே புகும் என்றும், பிடுங்கி உலரவிட்ட வெங்காயத்தைக் கள்வர் கொண்டுபோவர் என்றும் அஞ்சியிருக்க வேண்டியவராகிறார். இக்காரணத்தினால், ஊர் நாயுடன் அமைதி கொள்ளாது, அல்சேஷன், லப்ரடோர், றொட்வைலர் போன்ற பெரிய சாதி நாய்க்குட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கும் வழக்கம் கமக்காரரிடையேயும் காணப்படுகிறது. பெரிய காவல் நாய் நம்மவர்க்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் இராசபாளையம், கோம்பை ஆகிய ஊர்களின் பெயராலேயே அழைக்கப்படும் நாய்கள் வேட்டைக்கும் காவலுக்கும் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்தன. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் நாட்டு நாய்களுக்கென வெளியிட்ட நான்கு முத்திரைகளுள் இராசபாளைய நாயும் ஒன்றாகும்.

எட்டு வாரக் குட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆயின், வளர்ந்த ஆண் அல்சேஷன் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. குட்டியாக இருக்கையில் வேடிக்கையாகத் தோன்றிய கடியும் தாவலும், ஓராண்டின் பின்னர் தோட்டத்திற்கு வரும் கூலியாளையோ அயல்வீட்டுப் பிள்ளையையோ நிலத்தில் வீழ்த்தும் ஆற்றலாகிவிடும். அடக்கமுடியாத நாயைச் சிலர் எந்நேரமும் சங்கிலியிற் பிணிக்கின்றனர்; வேறு சிலர் தொலைவிலுள்ள சந்தையடியிற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். முதலாவது செயல் நாயை மேலும் மூர்க்கமாக்கும். இரண்டாவது செயல் தெருவில் இன்னுமொரு கட்டாக்காலி நாயைச் சேர்க்கும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி, குட்டியின் முதல் சில மாதங்களைப் பயனுறச் செலவிடுதலே.

குட்டியைத் தெரிதல்

குட்டியை எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதே, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றையது நோவினாற் கத்தும் என்பதைக் குட்டி கற்கின்றது. அப்பாடம் கல்லாத குட்டி மனிதரின் கையையும் அழுத்திக் கடிக்கும். வாங்குமுன் தாய்நாயைப் பார்த்தல் நன்று. அந்நியரைக் கண்டு மிரண்டு சீறும் தாயின் குட்டிகள் பெரும்பாலும் அக்குணத்தையே கொண்டிருக்கும். கண் தெளிந்து, மூக்கொழுகலின்றி, வயிறு ஊதாது, அழைத்தால் ஓடிவரும் குட்டியே ஏற்றது. மூலையில் ஒடுங்கி நடுங்குவதையும், மற்றவற்றையெல்லாம் மிதித்துக் கடிப்பதையும் விலக்கல் வேண்டும். வெண்ணிற நாய்களிற் சில பிறவியிலேயே செவிப்புலன் அற்றவையாதலின், அத்தகைய குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தல் தகும்.

பழக்கத்திற்குரிய காலம்

நாற்றுமேடையில் நாற்றுக்கு ஒரு பருவம் உண்டு. அப்பருவம் கடந்து நட்டால் பயிர் தேறாது. நாய்க்குட்டிக்கும் அத்தகைய பருவம் ஒன்றுண்டு. மூன்றாவது வாரம் தொடக்கம் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரையுள்ள காலமே அது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்கொட், ஃபுல்லர் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். அவ்வாய்வுகூடத்தில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகள் அதன்பின் மனிதரை அணுக அஞ்சிக் காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டன. ஆகவே, எட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்த குட்டிக்கு எஞ்சியிருப்பது ஆறு வாரம் மாத்திரமே.

இந்த ஆறு வாரத்துள் குட்டி பிற்காலத்தில் எவற்றையெல்லாம் காணவேண்டுமோ அவற்றையெல்லாம் அமைதியாகக் காணச் செய்தல் வேண்டும். தலையிற் கடகம் சுமந்து வரும் பெண்கள், தொப்பியணிந்த தபாற்காரர், கைத்தடி ஊன்றிய முதியோர், துள்ளியோடும் சிறுவர், ஆடு, மாடு, கோழி, நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், கோயிற் திருவிழா மேளம் ஆகிய ஒவ்வொன்றையும் முதலில் தூரத்திலும், குட்டி அஞ்சாதாயின் சற்று அண்மையிலும் காட்டி, ஒவ்வொரு முறையும் அதற்கு விருப்பமான சிறு உணவுத் துண்டு ஒன்றைக் கொடுத்தல் நன்று. அஞ்சி ஒடுங்கினால் இழுத்துச் செல்லாது பின்வாங்குதல் வேண்டும். வலிந்து காட்டப்பட்ட பொருளைக் குட்டி வாழ்நாள் முழுதும் வெறுக்கும்.

தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டியைத் தெருவிலும் சந்தையிலும் நிலத்தில் விடுதல் ஆபத்தானது. வயிற்றோட்டத்தினாற் குட்டிகளை மாய்க்கும் பார்வோ வைரசு, நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் நெடுநாள் இருக்கக்கூடியது. எனவே அக்காலத்தில் குட்டியைக் கையில் ஏந்தியோ துவிச்சக்கரவண்டியின் கூடையில் வைத்தோ உலகைக் காட்டலாம்.

காவல் நாய் யாரோடும் பழகக்கூடாது, பழகினாற் கள்வனுக்கும் வாலாட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. வருவோர் போவோரைக் கண்டு பழகிய நாயே இயல்பான வரவு எது, இயல்பல்லாதது எது என்று வேறுபாடு காண வல்லது. எவரையும் அறியாத நாய் அச்சத்தினாற் கடிக்கும். அச்சத்தினாற் கடிப்பது காவலாகாது. பெரிய சாதி நாய்கள் வளர்ந்தபின் தம் எல்லைக்குள் அந்நியர் வந்தாற் குரைத்தல் பெரும்பாலும் இயல்பாகவே அமையும்.

உணவும் உடலும்

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரு வேளையும் உணவு கொடுத்தல் வேண்டும். சோறு மாத்திரம் போதாது. மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் ஒன்றேனும் சேர்தல் அவசியம். ஆயினும் விரைவிற் பெருக்கவேண்டுமென்று அளவுக்கு மீறி ஊட்டுதலும், கால்நடை வைத்தியரின் ஆலோசனையின்றிச் சுண்ணாம்புச் சத்து மருந்துகளைக் கொடுத்தலும் பெரிய சாதிக் குட்டிகளின் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தாது, தடவினாற் கைக்குத் தெரியும் நிலையே தக்க நிலை. உடல் முற்றுமுன் நெடுந்தூரம் துவிச்சக்கரவண்டியின் பின்னே ஓடவிடுதல் ஆகாது. நாய் பெரும்பாலும் இளைப்பின் மூலமே தன் வெப்பத்தைத் தணிக்கின்றதாதலால், கோடையின் நண்பகலில் நிழலும் நீரும் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

வயிற்றுப் புழுக்களுக்கு இரண்டு வார வயது முதல் மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தல் முறையாகும். இப்புழுக்களின் முட்டைகள் மண்ணிற் கலந்து, அளையும் சிறுவரின் வயிற்றிற் சென்று தீங்கு விளைப்பன. எனவே இம்மருந்து குட்டிக்கு மாத்திரமன்றி வீட்டுப் பிள்ளைக்கும் பாதுகாப்பாகும்.

ஒழுங்கு பழக்குதல்

உறங்கி எழுந்தவுடனும், உண்டு முடித்தவுடனும், விளையாடி ஓய்ந்தவுடனும் குட்டியை வளவின் ஒரே மூலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அங்கு மலசலம் கழித்தவுடன் பாராட்டினாற் சில வாரத்தில் அவ்விடமே பழகிவிடும். வீட்டினுள் கழித்துவிட்டால் மூக்கை அதிலே தேய்த்து அடித்தலினாற் பயனில்லை. குட்டி அடிக்கு அஞ்சி மறைவிடம் தேடுமேயன்றி வெளியே செல்லக் கல்லாது.

கையைக் கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிடல் வேண்டும். நான்காம் மாதம் அளவிற் பாற்பற்கள் விழத் தொடங்குமாதலால், கடிப்பதற்கு முடிச்சிட்ட பழந்துணி போன்றவற்றைக் கொடுக்கலாம். வளர்ந்தபின் பாய்ந்து ஏறுதலை விரும்பாதவர், குட்டியாயிருக்கும்போதே நான்கு காலும் நிலத்திலிருக்கையில் மாத்திரம் தடவிக்கொடுத்தல் வேண்டும்.

“வா”, “இரு”, “நில்”, “விடு” என்னும் நான்கு சொற்களும் ஒரு தோட்ட நாய்க்குப் போதுமானவை. வீட்டிலுள்ளோர் யாவரும் அதே சொல்லையே வழங்கல் வேண்டும். தந்தை “இரு” என்றும், பிள்ளைகள் வேறொரு சொல்லாலும் ஏவினாற் குட்டி மயங்கும். உணவுத் துண்டைக் குட்டியின் மூக்கின் மேலாகப் பின்புறம் நகர்த்தினாற் குட்டி தானாகவே அமரும். அமரும் கணத்திலே “இரு” என்று கூறித் துண்டைக் கொடுத்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை போதும். “வா” என்றழைத்து வந்த நாயை எக்காரணத்தை முன்னிட்டும் தண்டித்தலாகாது. ஒருமுறை அடிபட்ட நாய் மறுமுறை வாராது.

அடித்துப் பழக்கினாலன்றி நாய் பணியாது என்போர் வடமாகாணத்திலேயே இதற்கு மாறான சான்றைக் காணலாம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதிகளில் நிலக்கண்ணி அகற்றும் பணியிற் பயிற்றப்பட்ட மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணத்தை அறிந்தவுடன் அசையாது அமர்ந்து காட்டுதலே இத்தகைய நாய்களின் கடமை. அதற்குரிய கூலி ஒரு விளையாட்டுப் பந்தும் பயிற்றுநரின் பாராட்டுமே. மனித உயிர் தங்கியிருக்கும் அத்துணை நுண்ணிய வேலையையே பரிசினாற் பழக்கலாமெனின், வெங்காயப் பாத்தியை மிதியாது வரம்பில் நடக்கப் பழக்குதல் அரிதன்று.

தோட்டத்திலுள்ள ஆபத்துக்கள்

குடாநாட்டின் முதன்மையான தோட்டப் பயிரே நாய்க்கு நஞ்சென்பதைப் பலர் அறியார். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. பச்சையாயினும், சமைத்ததாயினும், உலர்ந்ததாயினும் தீங்கு ஒன்றே. சில நாட்களின் பின்னரே சோர்வு, முரசு வெளிறுதல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகிய குறிகள் தோன்றுமாதலால் காரணம் புலப்படாது போகும். ஆகவே வெங்காயம் கலந்த கறி மிச்சத்தைச் சோற்றோடு பிசைந்து வைத்தல் கூடாது. நாய்க்குரிய மீனையும் சோற்றையும் கறி கூட்டுமுன் வேறாக எடுத்துவைத்தல் வேண்டும்.

எலிநஞ்சு கலந்த இரையைக் குட்டி எட்டும் இடத்தில் வைத்தலாகாது. பூச்சிநாசினி தெளித்த பாத்தியிற் குட்டியை விடாதும், வெறும் போத்தல்களை விளையாடக் கொடாதும் இருத்தல் வேண்டும். வாயில் நுரைதள்ளி நடுங்கினால், நஞ்சின் பெயர் எழுதிய போத்தலுடன் தாமதியாது கால்நடை வைத்தியரை நாடுதல் கடன். கட்டில்லாத தோட்டக் கிணற்றைச் சுற்றிக் கிடுகாலோ கம்பியாலோ அடைப்பு இடுதல் குட்டிக்கும் குழந்தைக்கும் ஒருங்கே காப்பாகும்.

விசர்நோய்த் தடுப்பு

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நாய்க்கடியினால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் பணி விரிந்ததனால் அண்மை ஆண்டுகளில் அத்தொகை மிகவும் குறைந்துள்ளது. ஆயின் நோய் இன்னும் ஒழியவில்லை. அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து தப்புதல் ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம்; அறிகுறி தோன்றுமுன் தடுப்பூசி பெற்றவர் காப்பாற்றப்படுவர். 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சிலே லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் அவ்வூசியை இட்டு அவனைக் காத்த நாள் தொடக்கம் இவ்வுண்மை நிலைத்துள்ளது.

குட்டியின் சிறு பற்கீறலைப் பொருட்படுத்தாது விடும் வழக்கம் உயிருக்கு உலைவைப்பது. தடுப்பூசி பெறாத குட்டிக்கும் விசர்நோய் உண்டாகலாம். கடித்த அல்லது கீறிய இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவிய பின், அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காத்திருத்தல் பெருந்தவறு. குட்டிக்கு முதலூசி இடவேண்டிய வயதைக் கால்நடை வைத்தியர் கூறுவார். அதன்பின் ஆண்டுதோறும் தவறாது இடல் வேண்டும். ஊசி இட்ட அட்டையைக் காணி உறுதியைப் போலப் பேணுதல் நன்று. நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் இந்நாட்டில் 1901ஆம் ஆண்டு முதல் உண்டு. உள்ளூராட்சிச் சபையிற் பதிவுசெய்தல் நாயுடையார் கடமை. குட்டிகள் வேண்டாதவர் உரிய வயதிற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் தெருநாய்ப் பெருக்கத்தைத் தடுக்கும்.

கருத்திற் கொள்ளவேண்டியவை

எட்டு வாரம் நிறைந்தபின் குட்டியை வாங்குக. பதினான்கு வாரத்துள் மனிதரையும் விலங்கையும் ஓசையையும் பழக்குக. நான்கு சொற்களை யாவரும் ஒன்றுபோல் வழங்குக. வெங்காயத்தையும் நஞ்சையும் அகற்றுக. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி இடுவிக்குக. இவற்றைச் செய்யும் கமக்காரரின் படலையில் ஓராண்டின் பின் நிற்பது, கூலியாள் அஞ்சாது உள்ளே வரவும், கள்வன் அஞ்சித் திரும்பவும் செய்யும் நாயாக இருக்கும். நேரம் ஒதுக்க இயலாதவர் பெரிய சாதிக் குட்டியை வாங்காது, வேலியைச் செப்பனிட்டு ஊர் நாய் ஒன்றை அன்போடு பேணுதலே அவருக்கும் ஊருக்கும் நன்மை தருவதாகும்.