திரையில் சுழலும் காற்று

நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் புயல் தோன்றுவது மிக அரிது. புவிச்சுழற்சியால் காற்றின் திசையை விலக்கும் கொரியோலிஸ் விளைவு அங்கு வலுவற்றது. எனினும், 2001 டிசம்பர் இறுதியில், நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே தென்சீனக் கடலில் உருவான 'வாமெய்' புயல், 27ஆம் நாள் தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது. காற்றைச் சுழற்றியது எது?

இவ்வினாவைக் கல்லூரி மாணவர்முன் வைப்போம். வடகிழக்குப் பருவக்காற்றின் வலுத்த வீச்சையும் போர்னியோவை ஒட்டிய சுழலையும் கணினித் திரையில் அசைபடமாக ஓட்டினால், அவ்விரண்டும் குறுகிய கடற்பரப்பில் கூடிச் சுழற்சி வலுப்பதைக் கண்ணாரக் காணலாம்.

ஆயினும், கண்டதெல்லாம் விளங்கியதாகிவிடாது. ஆகவே ஒரு குழு காற்றோட்டத்தையும், மற்றொன்று காற்றழுத்தத்தையும், மூன்றாவது குழு செயற்கைக்கோள் மேகப்படத்தையும் ஆராயட்டும். பின்னர், குழுவிற்கு ஒருவராகச் சேர்ந்து, தாம் அறிந்ததைப் பிறர்க்கு விளக்கட்டும். முழுவிடை எவரிடமும் இல்லையாதலால், அனைவரும் பேசியே ஆகவேண்டும். பிறர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்து, ஆசிரியர் படத்தை இடையில் நிறுத்தி, "இச்சுழல் இனி எத்திசையில் நகரும்? ஏன்?" என வினவி, விடைகளை எழுதச் செய்தல் வேண்டும். படம் மீண்டும் ஓடும்போது கணிப்புச் சரியா எனத் தெரியும். எழுதிய காரணமோ மாணவர் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை ஆசிரியர்க்கு உணர்த்தும். அடுத்த பாடம் அவ்விடத்திலிருந்தே தொடங்கவேண்டும்.