கழற்றிய கார்டு, போன விரல்

இயந்திரத்தில் கை சிக்கி விரல் போவதைக் கொங்கு நாட்டுப் பட்டறைகளில் ‘கெட்ட நேரம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் இவ்விபத்துகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. கோவையின் உதிரிபாகப் பட்டறைகள், சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்கள், பொள்ளாச்சி நார் மில்கள், தோட்டத்துச் சாளையில் சோளத்தட்டு வெட்டும் மெஷின் என எங்கு பார்த்தாலும் காரணம் ஒன்றுதான். சுழலும் பாகத்தை மூடியிருக்க வேண்டிய கார்டு அங்கே இருப்பதில்லை.

அதிகம் விரல் வாங்குவது பவர் பிரஸ். தகட்டை டையின் மேல் வைத்துக் கால் மிதியை அழுத்தினால் ராம் இறங்கி வெட்டும். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் கிளட்ச் பிடித்துவிட்டால் ராம் முழுச் சுற்று வந்துதான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதற்குச் சென்சார் மாட்டியும் பயனில்லை. கை நுழையாதபடி டையைச் சுற்றி அடைப்பதே காப்பு. வேறு சில பிரஸ்களில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும். அதில் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தியபடியே வைத்துவிட்டு, ஒரு கையால் பட்டனைத் தட்டி மறுகையால் தகடு வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு ஷிப்டில் சில நூறு பீஸ் கூடும். விரல் போவதும் தகடு வைக்கும் அந்தக் கையில்தான்.

பஞ்சாலையின் கார்டிங் மெஷினில் ஆபத்து வேறு விதம். சுவிட்சை அணைத்த பிறகும் கனத்த சிலிண்டர் நிமிடக் கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்து, அடைத்த பஞ்சை எடுக்கக் கையை விடும்போது விபத்து நேர்கிறது. சிலிண்டர் முழுதாக நின்றால்தான் மூடி திறக்கும்படி பூட்டு அமைப்பது பெரிய வித்தையல்ல. பெல்ட்டும் ஷாப்டும் ஓடும் கூடங்களில் சேலை முந்தானையும் கூந்தலும் சிக்கினால் கையோடு நிற்காது.

ஆபத்தான பாகத்தை உறுதியாக மூட வேண்டும், ஓடும்போது அந்தக் காப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே விதித்தது. ஆனால் அது மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்கான சட்டமாகவே இருந்தது. ஆலைகளில் இருந்த வேலை ஜாப் ஒர்க்காக உடைந்து, நாலு பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகைகளுக்குப் போய்விட்டது. மெஷின் போனது, சட்டம் கூடப் போகவில்லை. சொல்லச் சொல்லத் தொழிலாளிகளே கார்டைக் கழற்றிவிடுகிறார்கள் என்பது முதலாளிகள் தரப்பு. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், கழற்றச் சொல்லி யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

விபத்து நடந்த பின் செய்யும் தவறுகளும் விரலைப் பறிக்கின்றன. காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்பக் கூடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தாலே பெரும்பாலும் ரத்தம் கட்டுப்படும். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள வேறொரு பைக்குள் வைக்க வேண்டும். இப்படிக் குளிர்ச்சியில் வைத்த விரல் ஒரு நாள் வரை தாங்கலாம். தசை மிகுந்த முன்கையோ மேற்கையோ குளிர்ச்சியில்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

துண்டான கட்டைவிரலை நுண் அறுவையால் முதன்முதலில் ஒட்டியது 1965-இல், ஜப்பானின் நாராவில். விரலின் ரத்தக்குழாய் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மயிரிழையினும் மெல்லிய நூலால் மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்க வேண்டும். கோவையில் இந்த வசதி உண்டு. இருந்தும், முதலில் போகும் சிறு கிளினிக்கில் ‘இது ஒட்டாது’ என்று விரலைக் குப்பையில் போட்டுத் தோலை மட்டும் தைத்து அனுப்பினால், பிறகு எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இத்தகைய அலட்சியத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒவ்வொரு விரலுக்கும் விழுக்காடு வகுத்தது. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரர் ஆள்காட்டி விரலை முழுதாக இழந்தால், அந்தக் கணக்கில் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் வரும்.

இந்தத் தொகையையும் கார்டுதான் தீர்மானிக்கிறது. காப்பு இருப்பது தெரிந்தும் தொழிலாளி வேண்டுமென்றே அதைக் கழற்றியதால் காயம் நேர்ந்தால் இழப்பீடு இல்லை என்றது அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இதில் விலக்கு உண்டு. ஒரு விரல் போவது பகுதி ஊனம் என்பதால் அந்த விலக்குக்குள் வராது. விபத்து நடந்த அன்று மாலையே கழற்றிய கார்டு மெஷினில் ஏறிவிட்டால், பழி முழுவதும் காயம்பட்டவர் தலையில் விழும். விதியை மீறிய செயலானாலும் முதலாளியின் வேலைக்காகச் செய்ததென்றால் ஈ.எஸ்.ஐ. திட்டம் அதை வேலைக் காயமாகவே கொள்ளும். அதில் பதிவு பெற்றவர்களுக்குப் பாதுகாப்பு கூடுதல். பதிவில்லாத கொட்டகைத் தொழிலாளி, விபத்து நடந்த நேரத்தில் மெஷின் இருந்த நிலையைக் காட்டும் படத்தையும், கூட இருந்தவர்களின் சாட்சியத்தையும் அன்றே பத்திரப்படுத்தினால்தான் வழக்கு நிற்கும். கார்டு இல்லாத மெஷினை ஓட்ட மாட்டேன் என்று சொல்பவரின் கூலி குறையாது என்ற உறுதி வரும் வரை விரல்கள் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த உறுதியை ஜாப் ஒர்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் ஆர்டரோடு சேர்த்தே விதிக்க வேண்டும்.