தயிர் கெட்டதா, புளித்ததா?

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் கறவைமாடு வைத்திருக்கும் குடித்தனங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் நாள்தோறும் எழும் கேள்வி, இரவு உறையூற்றிய தயிர் உண்ணத்தக்கதா அன்றா என்பதே. புளிப்பு மிகுந்ததென்று நல்ல தயிரைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவோர் பலர். புளிக்கவில்லையே என்ற திருப்தியுடன் சரியாக உறையாத தயிரைக் குழந்தைகளுக்கு இடுவோரும் உளர். பின்னதே பெரும் பிழை.

புளிப்பு தயிருக்குக் காவலாகும். உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலை இறுகச் செய்யும் அவ்வமிலமே நோய்க்கிருமிகள் பெருகாமலும் தடுக்கிறது. கோடையில் நல்ல உறை ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். பன்னிரண்டு மணியாகியும் பால் நீர்த்தே நின்றால், அமிலம் எழுவதற்குள் வேறு கிருமிகள் இடம் பிடித்திருக்கக்கூடும். மீண்டும் உறையூற்றியோ, காய்ச்சியோ அதனைச் சீர்செய்ய முயல்வது வீண். கையிலுள்ள சீழ்ப்புண்ணிலிருந்து பாலில் சேரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆதலால் புண்ணுள்ள கையினர் உறையூற்றலாகாது.

மேலே தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீர் குற்றமன்று. ஆனால் தயிர் நுரைத்து, உள்ளே துளை துளையாகக் காணின், காய்ச்சிய பிறகு அழுக்குப் பாத்திரத்தினாலோ நீரினாலோ அசுத்தம் சேர்ந்ததென்று கொள்க. பூஞ்சணம் பூத்த தயிரை மேலாக வழித்தெறிந்துவிட்டு உண்ணும் வழக்கமும் தகாது, பூஞ்சண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு, பூஞ்சணம் பற்றிய தயிரை உண்டோர் பலர் வயிற்று உபாதைக்கு உள்ளானதாக முறையிட, அத்தயிர் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாத தீங்கும் உண்டு. மால்டாத் தீவில் நெடுங்காலம் மக்களை வாட்டிய விடாக்காய்ச்சல் ஆட்டுப்பாலின் வழியே பரவியதற்கு 1905-இல் ஸம்மித் என்னும் மருத்துவர் வழிகாட்டினார். மாடுகள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பச்சைப்பாலில் தோய்த்த தயிரில் அது இருப்பின், நிறமோ மணமோ அதனைக் காட்டிக்கொடா. பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறையூற்றுவதொன்றே வழி. கன்று வீசிய மாடு இருக்குமாயின் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஆனித் திருமஞ்சனத்திற்குச் சிதம்பரம் வரும் ஜனங்களுக்கு நீர்மோர் அளிப்போரும், தத்தம் ஊரில் மோர்ப்பந்தல் வைக்கும் ஊராட்சித் தலைவர்களும் தயிரை மட்டும் பார்த்தால் போதாது. தயிரின் புளிப்பு பெருமளவு நீர் கலந்ததும் தளர்ந்துவிடுகிறது, காவலும் அதனுடன் குறைகிறது. ஆகவே கலக்கும் நீர் காய்ச்சி ஆறியதாக இருத்தல் வேண்டும். கடலூர்த் துறைமுகத்தில் மீனுக்கு இடும் பனிக்கட்டியை மோர்ப்பானையில் போடுதல் கூடவே கூடாது. உண்ணத்தகாத பனிக்கட்டியில் நீலநிறம் சேர்க்கவேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்தது. நிறமின்றி வெளுப்பாயிருப்பினும், அது எந்த நீரில் உறைந்ததென்று விற்பவரைக் கேட்டறிந்த பின்னரே வாங்குக.