தகட்டு உருட்டாலைகளில் உருளை அமைவுகள்

உலோகப் பாளத்தைச் சுழலும் உருளைகளுக்கு இடையே செலுத்தி, அழுத்தித் தகடாகவும் பட்டையாகவும் மெலிதாக்கும் ஆலை உருட்டாலை எனப்படும். ஒரு சட்டகத்தில் உருளைகள் எத்தனை, எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு உருட்டாலைகள் வகைப்படுத்தப்படுகின்றன.

அடிப்படைச் சிக்கல்

மெல்லிய தகடு உருட்டச் சிறிய உருளை தேவை. உருளை சிறியதானால் அது உலோகத்தைத் தொடும் நீளம் குறையும். எனவே தேவைப்படும் விசையும் குறையும். தடிமனை 1 மி.மீ. குறைக்கும்போது, 500 மி.மீ. விட்டமுள்ள உருளையின் தொடுநீளம் ஏறத்தாழ 16 மி.மீ. ஆகும். 50 மி.மீ. விட்டமுள்ள உருளையில் அது 5 மி.மீ. மட்டுமே.

ஆனால் சிறிய உருளை எளிதில் வளைந்துவிடும். விட்டம் பாதியானால், அதே விசைக்கு அது வளையும் அளவு 16 மடங்காகும். உருளை வளைந்தால் தகட்டின் நடுப்பகுதி தடித்தும் ஓரங்கள் மெலிந்தும் போகும். மிகுதியாக நீண்ட ஓரங்கள் அலைபோல நெளியும். இதைத் தவிர்க்கும் முயற்சியில் பல்வேறு அமைவுகள் உருவாயின.

வகைகள்

இரு உருளை அமைவு: இது மிகப் பழையதும் எளியதும் ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். சுழற்சித் திசையை மாற்றத்தக்க ஆலைகளில் பாளத்தை முன்னும் பின்னுமாக உருட்டலாம்.

மூவுருளை அமைவு: மேல், கீழ் உருளைகள் ஒரு திசையிலும் நடு உருளை எதிர்த்திசையிலும் சுழலும். உலோகம் கீழ் இடைவெளி வழியே சென்று, மேல் இடைவெளி வழியே திரும்பும். சுழற்சித் திசையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் உலோகத்தை உயர்த்தித் தரும் மேசை தேவை.

நான்குருளை அமைவு: உலோகத்தைத் தொடும் இரு சிறிய பணி உருளைகளை, மேலும் கீழும் உள்ள இரு பெரிய உருளைகள் தாங்கி வளையாமல் காக்கின்றன. அகலமான பட்டைகளை உருட்ட இவ்வமைவு பரவலாகப் பயன்படுகிறது.

ஆறுருளை அமைவு: பணி உருளைக்கும் தாங்கும் உருளைக்கும் நடுவே இடை உருளை உள்ளது. அதனை அச்சுவாக்கில் நகர்த்தித் தகட்டின் தட்டைத்தன்மையைச் சீர்செய்யலாம்.

கொத்து அமைவு: பணி உருளை மிகச் சிறியதானால் அது பக்கவாட்டிலும் வளையும். ஒற்றைத் தாங்கும் உருளையால் இதைத் தடுக்க இயலாது. எனவே ஒவ்வொரு பணி உருளையையும் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் வகையில் உருளைகள் அடுக்கப்படுகின்றன. போலந்துப் பொறியாளர் ததேயுசு சென்ட்சிமிர் பெயரால் வழங்கும் 20 உருளை ஆலையில், மேற்பாதியில் 1, 2, 3, 4 என விரியும் வரிசைகளில் 10 உருளைகளும், கீழ்ப்பாதியில் அவ்வாறே 10 உருளைகளும் உள்ளன. உருட்ட உருட்டக் கடினமாகும் துருப்பிடிக்காத எஃகுக்கு இது ஏற்றது. சேலம் உருக்காலையில் இவ்வகை எஃகைக் குளிர்நிலையில் உருட்டச் சென்ட்சிமிர் ஆலை பயன்படுகிறது.

தொடர் அமைவு

பல சட்டகங்களை வரிசையாக நிறுத்தி, ஒரே பட்டையை அனைத்தின் வழியாகவும் ஒரே நேரத்தில் செலுத்துவது தொடர் அமைவு ஆகும். பட்டையின் அகலம் பெரிதும் மாறாததால், தடிமன் குறையுமளவுக்கு வேகம் கூடும். 4 மி.மீ. தடிமனில் நுழையும் பட்டை 1 மி.மீ. ஆக வெளியேறினால், அதன் வேகம் 4 மடங்காகும். ஒவ்வொரு சட்டகத்தின் வேகமும் இதற்கேற்பப் பொருந்தாவிட்டால், பட்டை அறுந்துவிடும் அல்லது தொய்ந்து மடிந்துவிடும்.