வேலியில் படரும் சீந்தில் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நெல்வயல்கள் பலவும் வீட்டுமனைகளாகிவிட்டன. எனினும் தோட்ட வேலியிலும் வேப்பமரத்திலும் ஏறிப் படரும் சீந்திலை அறியாத விவசாயி அப்பகுதியில் இருக்கமாட்டார். தண்டை அறுத்துவிட்டாலும் மேலிருந்து விழுது இறக்கிப் பிழைத்துக்கொள்ளும் கொடி இது. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் சித்த மருத்துவம் வழங்கிவரும் இக்கொடி, புற்றுநோயையும் தீர்க்கும் என்ற பேச்சு பரவியுள்ளது. இதில் உண்மை எவ்வளவு?

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் வெளியிலிருந்து வரும் கிருமியை இனம் கண்டு அழிக்கின்றன. புற்றணுக்களோ நம் உடலிலேயே தோன்றுபவை. நெற்பயிரோடு பயிராக நிற்கும் குதிரைவாலிக் களை, களையெடுப்பவர் கண்ணுக்குத் தப்புவதைப் போல அவை தப்பிவிடுகின்றன. சீந்தில் தண்டிலுள்ள ஒருவகைச் சர்க்கரைத் தொடர்ப் பொருள் வெள்ளை அணுக்களைத் தூண்டுவதை மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். காசி இந்துப் பல்கலைக்கழகச் சோதனைகளில், கட்டி உண்டாக்கப்பட்ட எலிகள் சீந்தில் சாறு பெற்றபின் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. மனிதரின் புற்றுநோயைச் சீந்தில் குணப்படுத்துவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

நித்தியகல்யாணியின் கதை வேறு. அதிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் தரப்படுகிறது. அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதில்லை. புற்றணு பிளந்து பெருகுவதைத் தடுக்கிறது. அச்செடியின் சாறு எலிகளின் வெள்ளை அணுக்களைக் குறைத்ததைக் கண்டுதான், 1958இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் அதன் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். எனவே அதன் இலையை வீட்டில் அரைத்துக் குடிப்பது பெரும் ஆபத்து.

சீந்திலும் முழுக்கத் தீங்கற்றது என்று கூறுவதற்கில்லை. கொரோனா காலத்தில் பலர் நாள் தவறாமல் சீந்தில் குடிநீர் அருந்தினர். அவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் பழுதுபட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் அறிவித்தனர். தூண்டிவிடப்பட்ட எதிர்ப்புச் சக்தி சொந்தக் கல்லீரலையே தாக்கியதாக அவர்கள் கருதினர். ஆயுஷ் அமைச்சகம் இதனை ஏற்கவில்லை. வேறு இனக் கொடி கலந்திருக்கலாம் என்றது. அத்தகைய கலப்பும் நடக்கக்கூடியதே. தண்டு முழுவதும் பெரிய பருக்கள் நெருங்கியுள்ள கொடியைச் சீந்தில் என்று பறித்துவிடக் கூடாது. ஐயமிருப்பின், தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டித் தெளிவு பெறலாம்.

பயிரிட விரும்புவோர் ஆனி, ஆடியில் கணுக்களுடன் கூடிய பென்சில் பருமன் தண்டுகளை வேலியோரம் நடலாம். தனி நிலம் தேவையில்லை. இலை உதிரும் கோடையில் தண்டை அறுத்து, துண்டாக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். காட்டிலிருந்து சேகரித்த சரக்கும் சந்தைக்கு வருவதால், வாங்குவோரையும் விலையையும் உறுதி செய்துகொள்ளாமல் அதிகப் பரப்பில் இறங்க வேண்டாம்.

வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் இருப்பின், சீந்தில் குடிநீர் கொடுக்குமுன் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.