கடைசி ராத்திரிப் படிப்புக்கு 'குட்பை'... பாடத்திட்டமே கைகொடுக்கும்!

நாளை காலை தேர்வு. இன்று இரவு 11 மணிக்குத்தான் புத்தகமே திறக்கப்படுகிறது. 'இத்தனை நாளா என்ன பண்ணுனே?' என்று அம்மா கேட்பார். கல்லூரி மாணவர்கள் இருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. நேரத்தைத் திட்டமிடுவது மாணவரின் பொறுப்புதான். ஆனால், பாடத்தை வடிவமைப்பவர்கள் நினைத்தால் அந்தப் பாரத்தைக் குறைக்கலாம்.

என்.பி.டி.இ.எல் இணையவழிப் படிப்புகள் இதற்கு நல்ல உதாரணம். ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து நடத்தும் இவற்றில், 12 வாரப் படிப்பு என்றால் வாரம் ஓர் அசைன்மென்ட். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி உண்டு.

ஒன்றிரண்டு தவறினால் பதற வேண்டியதில்லை. 12-ல் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேரும். காய்ச்சல், அக்கா கல்யாணம், இன்டர்னல் தேர்வு என 4 வாரங்கள் போனாலும் சமாளிக்கலாம்.

முக்கியமான பூட்டு இன்னொன்று. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழ் வேண்டுமானால் 25-க்கு 10, 75-க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். 'தேர்வில் பார்த்துக்கலாம்' என்று 12 வாரமும் சும்மா இருந்தவர், 75-க்கு 75 வாங்கினாலும் சான்றிதழ் கிடைக்காது.

நண்பரின் விடையைப் பார்த்து அனுப்புகிறவர்களை இந்த ஏற்பாடு தடுக்காது. படிக்க ஆசை இருந்தும் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் இது உதவும்.

செமஸ்டர் முடிவில் ஒரே பெரிய அசைன்மென்ட் கேட்கும் ஆசிரியர்கள், அதை நான்காகப் பிரித்துக் கேட்டுப் பார்க்கலாம். மாணவர்களே, அப்படிக் கேட்காத பாடத்துக்கு நீங்களே வாரக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்... மறக்கவே விட மாட்டார்!